கட்டுப் பிரித்த பிறகு

ராத்தா மகன் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன். பெருநாளைக்கு அதிராம்பட்டினம் வந்தவன் என்னிடம் கேட்டான்: "மாமா, ஆபரேஷனும் பண்ணணும், ஆராய்ச்சியும் பண்ணணும். எம்எஸ் முதல்லயா, பிஎச்டி முதல்லயா?" நான் டாக்டர் இல்லை, விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற வாத்தியார். வீட்டில் வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியாது என்பதால் என்னிடம் வந்திருக்கிறான்.

கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கிறது. எம்பிபிஎஸ் ஐந்தரை வருஷம், எம்எஸ் 3, அதற்கு மேல் எம்சிஎச் 3. நீட் பிஜிக்குப் படிக்கிறேன் என்று உட்காரும் காலம் தனி. இதில் பிஎச்டியும் சேர்ந்தால் முப்பத்தைந்து தாண்டிவிடும். "ஊர்ல ஒரு நர்சிங் ஹோம் போட்டா ஆகாதா?" என்கிறார் சவூதியிலிருந்து மச்சான். பணம் அனுப்புகிறவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

எம்எஸ்தான் முதலில் என்றேன். ஆபரேஷன் கையில் ஏறவேண்டிய வித்தை. இரவு டியூட்டியைத் தாங்கும் வயதில் ஏறினால்தான் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை நிறுவனத்தில் இதய வால்வு உருவாக்கிய எம்.எஸ்.வலியத்தானும் முழு சர்ஜனாகித்தான் அந்த வேலைக்கு வந்தார். மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்று, 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்கு வால்வு பொருத்தப்பட்டது. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனமே நின்றது. இவனுக்கு நான் சொன்னது இன்னொருவர் கதை.

1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், மருத்துவம் படிப்பதற்கு முன் இங்கிலாந்தில் கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகியவர். 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். செங்கல்பட்டில் ஒரு தொழுநோயாளியின் மடங்கிய கையைப் பிடித்தபோது, அந்தப் பிடி இவர் கையையே நொறுக்குவதுபோல் இறுகியது. செயலற்றது என்று விட்டுவிட்ட கையில் வலுவான தசைகள் மிச்சம் இருந்தன. அவற்றின் நாணை எடுத்து, வேலை செய்யாத தசையின் இடத்துக்கு மாற்றித் தைத்தார். விரல்கள் நிமிர்ந்தன.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது அதன் பிறகு நடந்தது. சரிசெய்த கைகளில் மறுபடியும் புண் வந்தது. தொழுநோயில் விரல் தானாக அழுகி விழும் என்று நம்பிய காலம் அது. பிராண்ட் நம்பவில்லை. புண் புண்ணாகக் காரணம் தேடினார். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகிய பையனுக்கு விரல் எலும்புவரை கிழிந்தும் வலிக்கவில்லை. ராத்திரியில் சிலருக்கு விரல் குறைந்தது. விழித்திருந்து பார்த்தால், எலி! தூங்குகிறவருக்கு அது கடிப்பது உறைக்கவில்லை. வீட்டுக்குப் போகிறவர்களிடம் பூனை கொடுத்தனுப்பினார்கள். இந்த ஆராய்ச்சிக்கு எந்த ஆய்வகமும் தேவைப்படவில்லை. கட்டுப் பிரித்தபின் நோயாளி என்ன ஆனார் என்று பார்க்க ஒருவர் இருந்தார், அவ்வளவுதான். பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே இதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் உதவியது.

சர்க்கரைக்கால் எங்கள் தெருவுக்குப் புதிதா என்ன? அந்தப் பெருநாளன்றே பக்கத்து வீட்டுப் பெரியவர் காலில் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே ஒரு விரல் எடுத்த கால். இவன் குனிந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தான். முன்பாதத்திலும் குதிகாலிலும் மட்டும் கொப்புளம், நடுவில் குழிந்த இடம் சுத்தம். "எங்கே வெறுங்காலோட நடந்தீங்க, அப்பா?" ஜும்மா முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில், உச்சி வெயிலில், சிமென்டுத் தரையில். சுட்டதே தெரியவில்லையாம். உப்பளத்தில் எத்தனை பேருக்கு இப்படியோ என்று இவன் முணுமுணுத்தான். அவன் ஆராய்ச்சிக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எம்எஸ்ஸில் தீசிஸ் எப்படியும் எழுதவேண்டும். கடமைக்கு எழுதிக் கட்டிவைக்கிறவர்கள் நிறைய. அதையே இந்தக் கால்களைப் பற்றி எழுதலாம். கவுன்சலிங்கில் கல்லூரியின் பெயரைப் பார்ப்பதோடு, ஆபரேஷன் ஆனவர்களை வருஷம் கழித்தும் கூப்பிட்டுப் பார்க்கும் யூனிட் எது என்று சீனியர்களிடம் விசாரிக்கச் சொன்னேன். பிஎச்டி பிறகு வரட்டும். ஐஐடி மெட்ராஸில் 2023இல் மருத்துவ அறிவியலுக்கென்றே ஒரு துறை தொடங்கியிருக்கிறார்கள். செருப்பின் அடிப்பாகத்தை வடிவமைக்க இன்ஜினியர் வேண்டும் என்று தோன்றும்போது அந்தக் கதவைத் தட்டலாம்.

ராத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தக் காலப் பாத்து எழுதுறதுக்குச் சம்பளம் உண்டாடா தம்பி?" என்றாள். எம்எஸ் படிக்கும்போது உதவித்தொகை உண்டு, இதற்குத் தனியாக எதுவும் கிடையாது என்றேன்.