சுறாவின் வாயைக் கட்டியவர்

மன்னார் வளைகுடாவில் முத்துச்சலாபம் என்ற முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் தோணி, கயிறு, கல் எல்லாம் தயாராக இருந்தாலும் ஓர் ஆள் வந்து சேரும்வரை யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவருடைய பரம்பரைத் தொழில். ஒரு கட்டத்தில் ஆங்கிலேய அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அதிகாரிகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவர் வராவிட்டால் அரசுக்கு வருமானம் வராது, அவ்வளவுதான்.

இலங்கையில் காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி ஒரு வேடிக்கையான தகவல் உண்டு. அவர் சலாபத்தைப் பார்க்கப் போன சமயம் கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. தமக்குப் பதில் ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவர் ஒளிவுமறைவு இல்லாதவர். ரகசியம் தமக்குத் தெரியாது, ஆனால் பெரியவரின் ஆளாக வந்திருப்பதால் சுறாக்கள் மரியாதை கொடுக்கும் என்று டெனன்டிடமே சொல்லிவிட்டார். அந்தப் பெரியவரோ கத்தோலிக்கர். மந்திரம் யாருடைய மதத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, குளிப்பு நடந்தது.

இன்றைய அலுவலகப் பயிலரங்குப் பேச்சாளர் ஒருவரிடம் இந்தக் கதை அகப்பட்டால் விடுவாரா? உங்களைக் கட்டிப்போட்டிருப்பது உங்கள் மனம்தான், அறுத்துக்கொண்டு வெளியே வாருங்கள் என்பார். அதில் பாதி நியாயம் இருக்கிறது. சலாபத்தில் சுறா தாக்கியது மிகவும் அபூர்வம். நூற்றுக்கணக்கான தோணிகளும் ஓயாத கூச்சலும் கூடிய இடத்தை அதுவே விட்டு விலகிவிடும் என்று டெனன்ட் காலத்திலேயே சொல்லப்பட்டது. அச்சம் சுறாவைவிடப் பெரியதாக இருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். மீதிப் பாதிக்குக் கொற்கைக்குத்தான் போக வேண்டும்.

தாமிரபரணியின் வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனதால் பாண்டியரின் அந்தத் துறைமுகம் இன்று கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயலும் வாழையுமாகக் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்தார். 1968-69இலும் 2021இலும் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ், கொற்கையின் முத்துக் குளிப்பைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு செய்தி தருகிறது: குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள். அவர்களுக்காக யாரும் மந்திரம் சொன்னதாக அதில் இல்லை. இறங்கு என்றால் இறங்க வேண்டியவனுக்குத் தானே வகுத்துக்கொள்ளும் எல்லை ஏது? ‘கடல்கட்டி வரட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று தோணியில் உட்கார்ந்திருக்க ஒருவரால் முடிகிறது என்றால், அவர் பேச்சுக்கு அங்கே விலை இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடல் வழியே போன மார்க்கோ போலோவின் குறிப்பு இன்னும் சுவையானது. முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு; மந்திரம் சொல்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. கட்டு பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள், இரவில் சுறா இஷ்டப்படி திரியும். திருட்டுத்தனமாக முத்துப்பாரில் இறங்க நினைப்பவனுக்குக் காவலாள் தேவையில்லை, அவன் நம்பிக்கையே போதும். பகலில் தைரியம் கொடுத்த அதே மந்திரம் ராத்திரியில் முதலாளியின் பூட்டாகிவிடுகிறது. முடிச்சு யார் கையில் என்பதுதான் விஷயம்.

அதே நூற்றாண்டில்தான் மெய்கண்டார் சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலைச் செய்தார். கட்டு, விடுதலை பற்றி அங்கேயும் ஒரு சிந்தனை உண்டு. அதன்படி உயிர் இயல்பில் பரந்தது. ஆணவ மலம் என்ற அழுக்கு மறைப்பதால் அதன் அறிவும் விருப்பமும் செயலும் முடங்கிக் கிடக்கின்றன. முழு விளக்கம் வரும்வரை உயிர் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாயையிலிருந்து பிறக்கும் கலை, வித்தை, அராகம் ஆகிய தத்துவங்கள் அந்தச் செயல், அறிவு, விருப்பம் மூன்றையும் ஓரளவு எழுப்பிவிடும். மாயையும் மலம்தான், என்றாலும் விடியும்வரை விளக்கு உதவுவது போல் உதவும் என்பார்கள் சித்தாந்திகள். மலத்தைக் கொண்டே மலத்தோடு மல்லுக்கட்டும் இந்தத் துணிச்சலான சிந்தனை, தடை என்றாலே உடைத்தெறி என்ற பேச்சைவிட மனித சுபாவத்துக்கு நெருக்கமானது. கடல்கட்டியின் மந்திரமும் இந்த ரகம். பொய்யாகவே இருக்கட்டும், ஒருவரை ஐந்தாறு பாகம் ஆழத்துக்கு இறக்கிவிட்டது.

இறங்கிய பிறகு மந்திரத்துக்கு வேலை இல்லை. கால் கல்லின் மேல், கயிறு மேலே இருக்கும் துணையாளின் கையில், மூச்சு ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின். அந்த நேரத்துக்குள் சிப்பியைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக் கயிற்றைச் சுண்ட வேண்டும். மூச்சு முட்டுவது ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதால் என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் இரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதுதான் அந்தத் தவிப்பைக் கிளப்புகிறது. அப்போதும் ஆக்சிஜனில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். உடம்பு முன்கூட்டியே போட்டுவைத்த கோடு அது. பழகியவர்கள் அதைச் சற்றே தள்ளிவைப்பார்கள், அதுதான் தேர்ச்சி. ஆனால் இறங்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டுக் கரியமில வாயுவைக் குறைத்துக்கொண்டால் தவிப்பு நேரத்துக்கு வராது. ஆக்சிஜன் அதற்குள் தீர்ந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் நீருக்குள்ளேயே நினைவு தப்பும். மனம் போட்ட எல்லை எது, உடம்பு போட்டது எது என்று பிரித்தறியாமல் எல்லையைத் தாண்டச் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. சங்கு குளிப்பு தொடர்கிறது. கம்பிரசர் காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குபவர்களுக்கு மூச்சுக் கணக்கே இல்லை, நெடுநேரம் அடியில் இருக்கலாம். ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலேறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிறது. மூட்டுவலியில் தொடங்கிக் கைகால் விழுவது வரை போகலாம். பழைய குளியாளிகளுக்கு அவரவர் நெஞ்சே ‘போதும், ஏறு’ என்றது. கம்பிரசரில் இறங்கும் ஆளுக்கு அந்தத் தவிப்பு வருவதில்லை. எப்போது ஏற வேண்டும் என்பதைக் கடிகாரத்தையும் ஆழத்தையும் பார்த்து முன்கூட்டியே கணக்குப் போட்டுவைக்க வேண்டியிருக்கிறது, அதுவும் அன்றைய சங்கு விலையை மனதில் கொண்டுவராமல்.