கருணையும் தொலைவும்

1994ஆம் ஆண்டு கோடையில் உதகையிலிருந்து சிரவணபெளகொளத்திற்கு யாத்திரை சென்றோம். கூடலூரைக் கடந்து முதுமலைக் காட்டினுள் வேன் நுழைந்ததும் சாலையோரத்தில் குரங்குகள் அமர்ந்திருக்கக் கண்டோம். பசித்த உயிருக்கு ஈவதே அறமென்று வகுப்பறையில் பல்லாண்டு போதித்த நாம், இளைய மகனின் கையில் வாழைப்பழம் ஒன்றைக் கொடுத்து எறியச் சொன்னோம். மறுபுறத்திலிருந்து குட்டியைச் சுமந்த தாய்க்குரங்கு பாய்ந்து வந்தது. எதிரே வந்த லாரியால் நிற்க இயலவில்லை.

"அம்மா, நாம்தானே அதைக் கூப்பிட்டோம்?" என்றான் மகன்.

நம் நோக்கம் தயையே; எனினும் விளைந்தது இம்சை. நோக்கம் தூயதாயின் குற்றமில்லை என்று நம் முன்னோர் விட்டுவிடவில்லை. நான்கு முழம் முன்னே தரையை நோக்கி நடக்க வேண்டுமென்னும் ஈர்யா சமிதியை முனிவர்க்கு விதித்தனர். கவனமின்மையையே இம்சைக்கு வித்தாகக் கண்டனர். எறும்புக்காகக் குனிந்து நடக்கும் நாம், அன்று சாலையைப் பார்க்க மறந்தோம்.

காட்டில் விலகி நிற்பதும், உணவை மறைத்து வைப்பதும், வண்டியைவிட்டு இறங்காதிருப்பதும் தன்னுயிரைக் காக்கும் அச்சமே என்பார் உளர். அவ்வளவுதானா? யானை செவிகளை விரித்துத் தலையை உயர்த்தினால், விலகிச் செல் என்கிறது. அந்நேரம் படமெடுக்க நிற்பவன் மிதிபட்டால், பழி யானைமேல்தான் விழும். அதனைத் துரத்துவதும் பிடித்துக் கட்டுவதும் பின்னர் நிகழும். குரங்கு பல்லைக் காட்டுவதைச் சிரிப்பென்று எண்ணிக் குழந்தை தானும் பல்லைக் காட்டுகிறது. குரங்கிற்கு அது மிரட்டல். கடிபட்டால் சோப்பு நீரால் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கைநீட்டிப் பழகிய குரங்கோ ஊராரின் கல்லடிக்கு உள்ளாகிறது.

வீட்டுப் பசுவிற்கு நாம் வைக்கும் தீவனம் வேறு. அது நம்மை நம்பி வாழ்வது. காட்டு விலங்கிற்குக் காடு உணவளிக்கிறது. சரணாலயத்தில் விலங்கைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அது நமக்குப் புதிய நெறியா என்ன? அதே சாலையில் முதுமலையை அடுத்த பந்திப்பூர் வனப்பகுதியில் 2009 முதல் இரவு ஒன்பது மணிக்குமேல் போக்குவரத்து தடுக்கப்பட்டது. பயணம் தாமதமாகிறதென்று குறைகூறுவாரோடு நமக்கு உடன்பாடில்லை.

சென்ற ஆண்டு மீண்டும் அவ்வழியே சென்றோம். வண்டியை ஓட்டியவன் அதே மகன். காட்டின் எல்லையிலேயே கண்ணாடிகளை ஏற்றிவிட்டான். ஓரத்தில் குரங்குகள் எழுந்து நின்று பார்த்தன. வண்டி மெதுவாகக் கடந்தது. பழச்சீப்பைக் குண்டுலுப்பேட்டை சென்றபின்தான் பிரித்தோம்.