சேலை கட்டினால் இழிவா?

மாசி மாதத்தில் மூன்றாம் பிறை தெரிந்ததும் நமுனுகுல மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தப்புச் சத்தம் எழும்பத் தொடங்கிவிடும். காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். பிறை வளர வளரக் கூத்தும் வளரும். ரதிக்கும் மன்மதனுக்கும் கலியாணம் நடக்கும். தவம் கலைந்த சிவன் நெற்றிக் கண்ணைத் திறப்பார், காமன் எரிவான், ரதி தலைவிரி கோலமாக மண்ணில் புரண்டு அழுவாள். அது நம் சமயத்துக் கூத்து அல்ல. பெரும்பாலும் நமது தவக்காலத்தோடு சேர்ந்தே வருவது. என்றாலும் அந்த ஒப்பாரி கேட்டு லயத்து வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்காத கத்தோலிக்கக் குடும்பம் எங்கள் தோட்டத்தில் ஒன்றுகூட இருந்ததில்லை.

அந்த ரதி ஓர் ஆண் என்பதை வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. பரம்பரை முறைப்படி ரதி வேடத்தையும் ஆணே கட்டுவான். நான் சிறுவனாய் இருந்த காலத்தில் எங்கள் ரதி, கவ்வாத்து மலையில் கத்தி பிடிக்கும் ஒரு மனிதர். கைகள் உலக்கை போல் இருக்கும். அந்தக் கைகளில் கண்ணாடி வளையல்களை ஏற்றி, சேலை கட்டி, காலில் சதங்கை பூட்டி, லயம் லயமாக அவர் வரும்போது, வயதான பெண்கள் காலுக்கு மஞ்சள் நீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். ஒருவரும் சிரித்ததில்லை. மறுநாள் பிரட்டுக்களத்தில் அவர் கத்தியோடு வந்து நின்றபோது, 'நேற்று சேலை கட்டியவன்தானே' என்று கேலி பேசவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் அதே தோட்டத்தில் வேறொரு காரியம் நடந்தது. ஓர் இளைஞன், தன் அக்காளின் சேலையைக் கட்டி, பதுளைக் கடைவீதியில் வாங்கியிருந்த குதி உயர்ந்த செருப்பையும் போட்டுக்கொண்டு, ஓர் அந்தி நேரம் வீட்டுக்குள் நடந்து பார்த்திருக்கிறான். சன்னல் வழியாக யாரோ கண்டுவிட்டார்கள். அடுத்த நாள் பிரட்டுக்களத்தில் சீழ்க்கை, பீலிக்கரையில் சிரிப்பு. தகப்பன் பிள்ளையை அடித்தான். அந்த வாரமே அவன் கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டான். தாய் எங்கள் சபையைச் சேர்ந்தவள். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தாள்.

"ஏங்க மாஸ்டர், காமன் பொட்டல்ல சீல கட்டுனா சாமிங்கிறாங்க. என் புள்ள வீட்டுக்குள்ள கட்டுனா மட்டும் அசிங்கமா?"

நாற்பது வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வியை மனத்தில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வேதாகமத்தைப் பார்ப்போம், ஏனெனில் இப்படிப்பட்ட சந்தர்ப்பங்களில் முதலில் எடுத்து வீசப்படுவது அதுதான். உபாகமம் 22ஆம் அதிகாரம் 5ஆம் வசனம் ஆண் பெண்ணின் உடையையும், பெண் ஆணின் உடையையும் அணியலாகாது என்று கடுமையாகவே விலக்குகிறது. மறுக்க வேண்டாம். ஆனால் அதே அதிகாரத்தில் ஆறு வசனம் தள்ளி, ஆட்டு ரோமமும் சணல் நூலும் கலந்து நெய்த துணியை உடுத்தக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. அதைக் கேட்டு எவரும் தம் கோட்டைக் கழற்றி அதன் நூலைச் சோதித்ததாக நான் அறியேன். அந்த விலக்கு அண்டை நாட்டாரின் வழிபாட்டுச் சடங்குகளைக் குறித்தது என்று பல விரிவுரையாளர் கருதுகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் இந்த வினாவை எடுத்து ஆராய்ந்தார். வெளி உடை அவரவர் நிலைக்குப் பொருந்த இருக்க வேண்டும், மாறி அணிவது தன்னளவில் தவறு என்றே அவர் சொல்கிறார். ஆயினும் பகைவரிடமிருந்து மறைந்து கொள்ளவோ, வேறு உடை இல்லாமையாலோ, அது போன்ற வேறு காரணத்தாலோ அணிந்தால் பாவமில்லை என்றும் இடம் விடுகிறார். துணியை மட்டும் பார்த்து அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அதை எதற்காக அணிந்தான் என்றும் கேட்கிறார்.

அந்த இடத்தைக் கொடுக்க மறுத்ததால் விளைந்ததையும் திருச்சபை வரலாறு காட்டுகிறது. பிரான்சு தேசத்து ஜோன் என்னும் இளம் பெண் 1431ஆம் ஆண்டு மே 30ஆம் திகதி ரூவான் நகரில் எரிக்கப்பட்டபோது, அவள்மீது சாட்டப்பட்ட பெரிய குற்றங்களில் ஒன்று ஆண் உடை அணிந்தது. இருபத்தைந்து வருடம் கழித்து, 1456இல், அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 1920இல் அவள் புனிதையாக உயர்த்தப்பட்டாள்.

உடை எந்த அளவுக்கு 'இயற்கை'? எங்கள் முப்பாட்டன்மார் ராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் கப்பலேறி, காட்டுவழியே நடந்து இந்த மலைகளுக்கு வந்தபோது, தலையில் குடுமியும் காதில் கடுக்கனும் இருந்தன. இன்று அந்தக் கோலத்தில் ஒரு பையன் பள்ளிக்கு வந்தால் அதிபர் என்ன சொல்வார்? கடந்த நூற்றாண்டுக்கு முந்தியதில், இந்நாட்டுக் கரையோரச் சிங்கள ஆடவர் நீண்ட கூந்தலைக் கொண்டை முடிந்து, ஆமை ஓட்டுச் சீப்புச் செருகி, இடுப்பில் சோமன் உடுத்தியிருந்தார்கள். கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர் பலர் அவர்களைப் பெண்கள் என்றே நினைத்து ஏமாந்து, தம் பயண நூல்களில் அதை எழுதியும் வைத்தார்கள். குதி உயர்ந்த சப்பாத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. குதிரைமேல் இருந்து அம்பு எய்யும் பாரசீக வீரன் அங்கவடியில் பாதம் நழுவாதிருக்க அணிந்தது அது. சுமார் 1600ஆம் ஆண்டளவில் ஐரோப்பியப் பிரபுக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பிரான்சு மன்னன் பதினான்காம் லூயி சிவப்புக் குதி வைத்த சப்பாத்தோடு ஓவியத்துக்கு நின்றிருக்கிறான். பதினெட்டாம் நூற்றாண்டில்தான் ஆடவர் அதைக் கைவிட்டார்கள். எங்கள் பையனை லயத்தை விட்டு ஓட்டிய செருப்பு, ஒரு காலத்தில் போர்வீரனின் அடையாளம்! இவ்வளவு ஏன், முதன்முதலாகக் கோயிலுக்கு வந்த ஒரு குழந்தை சுவாமியின் வெள்ளை அங்கியைப் பார்த்து, "சாமி ஏன் கவுன் போட்டிருக்கார்?" என்று உரக்கக் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

இவையெல்லாம் தெரிந்த பிறகும் அந்தத் தாயின் கேள்விக்கு விடை கிடைத்துவிடவில்லை. விடையின் ஒரு நுனி எனக்கு வேறிடத்தில் அகப்பட்டது.

காலை நேரம் கொழுந்து மலையைப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் நம் பெண்களில் அநேகர் சேலைக்கு மேல் புருஷனின் அல்லது மகனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். குளிருக்கும் அட்டைக்கும் தேயிலைக் கிளையின் கீறலுக்கும் அதுவே கவசம். பார்த்து யாராவது சிரிக்கிறார்களா? பதுளையில் தையல் தொழிற்சாலைக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகள் காற்சட்டை போடுகிறார்கள். தொடக்கத்தில் கிழவர்கள் முணுமுணுத்தார்கள். இப்போது அதுவும் ஓய்ந்துவிட்டது. உபாகம வசனம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாகவே விலக்குச் சொல்கிறது. ஆனால் நாம் ஒரு பக்கத்துக்கு மட்டும் சீழ்க்கை அடிக்கிறோம்.

ஏன்? ஆணின் சட்டையைப் போட்ட பெண் ஏணியில் ஒரு படி ஏறியவளாக நமக்குத் தோன்றுகிறாள். பெண்ணின் சேலையைக் கட்டிய ஆண் ஒரு படி இறங்கியவனாகத் தோன்றுகிறான். அவன் இறங்கிவிட்டான் என்று நாம் சிரிக்க வேண்டுமானால், கீழ்ப் படியில் யார் நிற்கிறார்கள் என்பதை முன்னமே முடிவு செய்திருக்க வேண்டும். அவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு, அவனைப் பெற்றவளின் மேலும் உடன்பிறந்தவளின் மேலும்தான் போய் விழுகிறது. மேடையில் அரசியல்வாதி எதிராளியைப் பார்த்து, 'சேலை கட்டிக்கொள், வளையல் போட்டுக்கொள்' என்று ஏசும்போது கீழே கைதட்டும் கூட்டத்தில் சேலை கட்டியவர்களும் இருக்கிறார்களே, அதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. 1984ஆம் ஆண்டு வரை தோட்டத்தில் ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். சம்பளம் சமமாகிவிட்டது. ஏணியை நாம் இன்னும் எடுத்து வைக்கவில்லை.

மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை. நான் வாத்தியாராய் இருந்த காலத்தில், சேட்டை செய்யும் பையனைப் பெண் பிள்ளைகளின் வாங்கில் கொண்டுபோய் உட்கார வைப்பேன். பிரம்படியைவிட அது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். பையன் கண் கலங்கிவிடுவான், வகுப்பே சிரிக்கும். ஒருமுறை ஒருவன் தலையில் ரிப்பனும் கட்டிவிட்டேன். அந்த வாங்கில் இருந்த மூன்று சிறுமிகள் தலையைக் குனிந்துகொண்டு, ஒதுங்கி இடம் விட்டார்கள். அவர்கள் பக்கத்தில் இருப்பதே ஒரு தண்டனை என்று அவர்களுக்கு முன்னாலேயே நான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடிக்காத வாத்தியார் என்று பெயர் வேறு எடுத்திருந்தேன்!

மேடையில் மட்டும் நாம் ஏன் சிரிப்பதில்லை? பழைய தமிழ் நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் என்று சொல்லிச் சிறுவர்களே பெண் வேடம் போட்டார்கள். டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்த சிறப்பால் 'ஔவை' சண்முகம் என்றே பெயர் பெற்றார். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நமது கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளில் பெண் பாத்திரங்களை ஆடவரே ஏற்றார்கள். கோயில் முற்றத்தில், சுவாமியார் முன்னிலையில் அவை நடந்தன. அங்கே சேலை கட்டியவன் ஓர் இராணியின் துயரத்தையோ ஒரு புனிதையின் உறுதியையோ ஏற்றுச் சுமக்கிறான். பார்ப்பவனும் அவளை மதிக்கிறான். ரதியின் அழுகையில் நம் பெண்கள் தங்கள் கைம்மையை, தங்கள் இழப்பைக் கேட்டார்கள். பிற்காலத்துச் சினிமாவில் நகைச்சுவைக்காக மட்டும் சேலை கட்டி வருபவனிடம் அந்த மதிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. ஆண் கட்டிய வேடம் என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான். ஒன்று பெண்ணை உயர்த்துகிறது, மற்றது அவளைக் கேலிப் பொருளாக்குகிறது. பாவம் எங்கே என்று தேடுகிறவர்கள் இங்கே தேடிப் பார்க்கலாம்.

ஆயின் எல்லோருக்கும் அது வேடமல்ல. ஆணுடலோடு பிறந்து, அறிவு தெரிந்த நாள்முதல் தன்னைப் பெண்ணாகவே உணர்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழில் திருநங்கை என்கிறோம். அவர்களுக்குக் காற்சட்டைதான் வேடம். 2016இல் இலங்கைச் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை மூலம், மருத்துவ ஆலோசனைக்குப் பின் அவர்களுக்குப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்க வழி செய்தது. அதைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தலாம். ஆண் சேலை கட்டலாகாது என்று இந்நாட்டில் சட்டம் ஒன்றும் இல்லை. எனினும் வெள்ளையர் காலத்து 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் ஆள்மாறாட்டப் பிரிவையும் 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும் காட்டி இவர்களைப் பொலிசார் பிடித்திருக்கிறார்கள். ஆள்மாறாட்டம் என்றால் என்ன? யாக்கோபு குருட்டுத் தகப்பனை ஏமாற்றி ஆசீர்வாதத்தைத் தட்டிக்கொண்டபோது அணிந்திருந்தது அண்ணனின் உடை, அதாவது ஓர் ஆணின் உடை. வஞ்சகத்துக்குச் சேலை தேவைப்படவில்லை.

'கடவுள் ஆணும் பெண்ணுமாகப் படைத்தார், அந்த வேறுபாட்டை அழிக்கலாமா?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த வேறுபாட்டைத் திருச்சபை உறுதியாகப் போதிக்கிறது. மனித மாண்பைப் பற்றி 2024 ஏப்ரலில் வத்திக்கான் வெளியிட்ட ஆவணமும் அதையே வலியுறுத்துகிறது. அதே ஆவணம், எவரையும் அநியாயமாக ஒதுக்குவதும் வன்முறைக்கு ஆளாக்குவதும் தகாது என்றும் சொல்கிறது. நான் இறையியல் படித்தவனல்ல. அந்தப் பையன் செய்தது சரியா, அவன் மனத்தில் இருந்தது என்ன என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவனிடம் கேட்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் சன்னல் வழியாகப் பார்த்தவன், சீழ்க்கை அடித்தவன், பிள்ளை என்றும் பாராமல் கை ஓங்கிய தகப்பன், கேட்டும் வாய் மூடியிருந்த நான், இந்த நால்வரும் செய்தது எனக்குத் தெரியும். 'ஊர் என்ன சொல்லும்' என்று தகப்பன் நடுங்கியதையும் நான் அறிவேன். பத்தடிக்கு ஒரு வீடாக, ஒரே கூரையின் கீழ் வாழும் லயத்தில் ஊரின் வாய்க்குத் தப்பி எங்கே போவது? அவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறானாம். மாதாமாதம் தாய்க்குப் பணம் அனுப்புகிறான், தொலைபேசியில் பேசுகிறான். இந்த நத்தாருக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறான். எந்த உடையில் வருவானோ என்று தாய் பயப்படுகிறாள். தகப்பன் ஒன்றும் பேசவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நடுச்சாமப் பூசைக்கு என் பக்கத்து வாங்கில் இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவன் வந்து உட்காரும்போது அதே வாங்கில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்களா, சற்று ஒதுங்கி இடம் விடுவார்களா என்பது எனக்குத் தெரியவில்லை.