இயலும் அறம்: ஊசிவழிப் போதைமருந்து பயன்படுத்தும் நோயாளியும் மருத்துவமனையின் கடமையும்

முன்னுரை

அறம் என்பது மனிதன் எட்டவேண்டிய உயர்நிலையைச் சுட்டுவதா, அவன் நிற்கும் இடத்திலிருந்து எடுத்துவைக்கக்கூடிய அடுத்த அடியைக் காட்டுவதா என்னும் வினா பழமையானது. இவ்வினா இன்று மருத்துவமனைப் படுக்கையருகேயும் எழுகிறது. ஹெராயின் போன்ற போதைமருந்தை ஊசியால் செலுத்திக்கொள்ளும் ஒருவர் சீழ்க்கட்டியோடோ இதய வால்வில் கிருமித்தொற்றோடோ மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். போதையை விட்டால்தான் மருத்துவம் என்று அவரிடம் கூறுவதா? விடாத நிலையிலும் அவருக்கு நேரக்கூடிய கேடுகளைக் குறைப்பதா? பின்னதைத் தீங்கு குறைப்பு என்பர். அந்நெறி அறத்தொடு பொருந்துமா என்பதை மணிமேகலை, திருக்குறள் ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

சிக்கலின் இயல்பு

இந்தியாவில் ஏறத்தாழ 8.5 இலட்சம் பேர் ஊசிவழிப் போதைமருந்து பயன்படுத்துகின்றனர் என 2019-இல் நடுவணரசு வெளியிட்ட ஆய்வறிக்கை மதிப்பிட்டது. மியான்மர் எல்லையை ஒட்டிய மணிப்பூரில் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவர்களிடையே எச்.ஐ.வி. விரைந்து பரவியது. அதன் விளைவாகத் தூய ஊசி வழங்குதல், பியூப்ரனார்பின் போன்ற மாற்று மருந்து அளித்தல் ஆகிய முறைகள் இந்நாட்டில் வேர்கொண்டன. இன்று அவை தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பகுதிகளாக உள்ளன. ஆயின், இவை பெரும்பாலும் தெருவையும் புறநோயாளியையும் கருதி அமைந்தவை. அறுவை மருத்துவப் பிரிவிலோ பொது மருத்துவப் பிரிவிலோ படுத்திருக்கும் நோயாளி மாற்று மருந்து மையத்திற்கு நாள்தோறும் நடந்து செல்ல இயலாது. மருந்துதான் அவரிடம் வரவேண்டும்.

அது வராதபோது நேர்வது யாது? இறுதியாக ஹெராயின் செலுத்திய சில மணி நேரத்திலேயே விலகல் துன்பம் தொடங்குகிறது. உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, தாங்கொணாப் பதற்றம் ஆகியவை இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை எட்டுகின்றன. இதய வால்வுத் தொற்றுக்கோ நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை நரம்புவழி மருந்து தேவைப்படலாம். நாட்களில் தாங்கமுடியாத துன்பம் ஒருபுறம், வாரங்களில் முடியும் மருத்துவம் மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையில் அகப்பட்ட நோயாளி ஒன்று மறைவில் ஊசி போட்டுக்கொள்கிறார், அன்றி மருத்துவமனையை விட்டு வெளியேறுகிறார். மருத்துவ அறிவுரைக்கு மாறாகச் சென்றார் என ஏட்டில் பதிவாகிறது. அறிவுரையைக் கடைப்பிடிக்க இயலாதவாறு அவரை வைத்திருந்தது எது என்பது பதிவாவதில்லை. மேலும், சில நாட்கள் மருந்தின்றி இருந்தமையால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. வெளியே சென்று பழைய அளவிலேயே செலுத்திக்கொண்டால் மூச்சு நின்று உயிர் பிரியக்கூடும்.

சாதுவன் உரைத்த அறம்

இச்சிக்கலை அணுக மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதை உதவுகிறது. கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவனுக்கு அவர்தம் தலைவன் கள்ளும் ஊனும் அளிக்கிறான். சாதுவன் அவற்றை மறுத்து, மறுப்பின் காரணத்தையும் விளக்குகிறான். அது கேட்ட தலைவன், கள்ளையும் ஊனையும் விட்டுவிட்டால் இவ்வுடம்பில் உயிரைக் காத்தல் தன்னால் இயலாது என்று வெளிப்படையாகக் கூறி, தங்களுக்கு ஏற்ற அறத்தை உரைக்குமாறு வேண்டுகிறான். சாதுவன் சினக்கவில்லை, அவனைக் கைவிடவுமில்லை. உனக்கு இயலும் அறம் இது என்று தொடங்கி, கலமுடைந்து வருவோரைக் கொல்லாது காக்குமாறும், மூத்து இறந்த விலங்குகளை அன்றிப் பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யாதிருக்குமாறும் கூறுகிறான்.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, சாதுவன் தன் கொள்கையைத் தளர்த்திக்கொள்ளவில்லை. அவன் கள் அருந்தவில்லை, கள் நன்றென்று கூறவும் இல்லை. கேட்பவனின் ஆற்றலை அளந்து அறத்தின் முதற்படியைக் காட்டுகிறான். இரண்டாவது, அம்முதற்படியும் உண்மையான அறமே. அதனால் உயிர்கள் பிழைக்கின்றன. விட்டால் உயிர் தாங்காது என்னும் நாகர் தலைவனின் கூற்றே இன்று விலகல் துன்பத்தில் தவிக்கும் நோயாளியின் கூற்றுமாகும்.

வள்ளுவரின் இரு அதிகாரங்கள்

கள்ளுண்ணாமையை வன்மையாக வலியுறுத்திய வள்ளுவர் தீங்கு குறைப்பை ஏற்பாரா எனக் கேட்கலாம். கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம், மருந்து 95-ஆம் அதிகாரம். முன்னதில் இழிவைக் கூறிக் கண்டித்தவர், பின்னதில் நோயுற்றவனின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் அறிந்து செயற்படுக என்கிறார். நோய் எவ்வாறு வந்தது என்பதைக் கொண்டு நோயாளியின் தகுதியை அளக்குமாறு அவர் கூறவில்லை. அன்றியும், கள்ளுண்டு களித்தவனைக் காரணங்காட்டித் தெளிவித்தல் இயலாது என்பதும் அவர் கருத்தே. எனவே படுக்கையருகே நிகழ்த்தப்படும் ஒழுக்க உரை வள்ளுவர் வழியிலும் பயன் தராது எனலாம்.

மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒன்றாக அருகிருந்து பேணுபவரையும் அவர் சேர்த்துள்ளார். நம் அரசு மருத்துவமனைகளில் உடனிருக்கும் உறவினரே உணவு கொணர்கின்றனர், மருந்து வாங்குகின்றனர், மருத்துவரிடம் பேசுகின்றனர். ஊசிவழிப் போதைமருந்து பயன்படுத்துவோர் பலர் குடும்பத்தால் கைவிடப்பட்டுத் தனியராய் வருகின்றனர். அவர்க்கு நான்காம் உறுப்பாக அமையும் கடன் மருத்துவமனையையே சார்கிறது.

மறுப்புகளும் விடைகளும்

இந்நெறி போதைப் பழக்கத்தை ஊக்குவிக்கும் என்பது முதல் மறுப்பு. மாற்று மருந்து பெற்ற நோயாளி விலகல் துன்பமின்றி மருத்துவம் முடியும்வரை தங்குகிறார். பழக்கத்தை விடுவது பற்றிய பேச்சும் அப்போதுதான் இயலும். உயிரோடிருப்பவரே மனம் மாறவும் முடியும்.

செவிலியர்க்கும் பிற நோயாளிகளுக்கும் இடர் விளையும் என்பது இரண்டாவது. இது புறந்தள்ளத்தக்கது அன்று. ஆயினும் தலையணையின் கீழ் ஒளித்துவைக்கப்பட்ட ஊசியே செவிலியின் கையைக் குத்தும் வாய்ப்புடையது. உண்மையைச் சொன்னால் துரத்தப்படுவோம் என்னும் அச்சம் நீங்கி, ஊசியைப் போடுவதற்கு உரிய பெட்டி அருகில் இருப்பின் இடர் குறைகிறது.

சட்டம் தடுக்கும் என்பது மூன்றாவது. போதைமருந்து உட்கொள்வது 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமே. எனினும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, நடுவணரசின் வழிகாட்டு நெறிகளின்படி எச்.ஐ.வி. பரவும் இடரைக் குறைக்க மேற்கொள்ளும் செயல்கள் குற்றமாகா என்கிறது. ஆகவே தயக்கத்தின் வேர் சட்டத்தைக் காட்டிலும் மனப்பான்மையில் உள்ளது.

முடிவுரை

மருத்துவமனை சாதுவனைப் போலத் தன் கொள்கையில் நின்றுகொண்டே நோயாளிக்கு இயலும் அறத்தைக் காட்ட முடியும். சேர்க்கப்பட்ட நாளிலேயே இகழ்ச்சியின்றி வினவுதல், விலகல் துன்பத்திற்கும் வலிக்கும் போதிய மருந்து அளித்தல், மாற்று மருந்தைப் படுக்கைக்கே கொணர்தல், வீடு திரும்பும்போது மாற்று மருந்து மையத்தோடு இணைத்தல், மிகையளவால் நேரும் மூச்சுத்தடையை நீக்கும் நலாக்சோன் பற்றி அறிவுறுத்தல் ஆகியவை அவ்வறத்தின் படிகள். மணிமேகலைக் காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. ஊசித்தழும்புடைய கையைக் கண்டதும் மருத்துவமனை சிறைக்கோட்டமாக மாறிவிடுமாயின், அக்காப்பியத்தை நாம் பாடமாக மட்டுமே பயின்றிருக்கிறோம் என்பதே பொருள்.