குரூப்பில் போட்டாச்சா?

2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலமைச்சர் சாப்பிட்ட படத்தை நாடே பார்த்தது. சாப்பாடு படத்துக்கு வாகானது. தட்டு தெரியும், வாய் தெரியும். மணியடித்த பிறகு ஒரு பிள்ளை கழித்தலில் கடன் வாங்கப் பழகுகிறதே, அதை எங்கே நின்று எடுப்பது?

எடுக்காமலும் இல்லை. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்க அதே ஆண்டு ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்ததிலிருந்து, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எடுக்கும் டீச்சர்களின் கைப்பேசிக்கு ஓய்வில்லை. பிள்ளைகள் அட்டைகளை நெஞ்சுக்கு நேரே பிடித்து நிற்கிறார்கள். சிரிக்கச் சொன்னதால் சிரிக்கிறார்கள். படம் குரூப்புக்குப் போகிறது, அங்கிருந்து மேலே போகிறது. பதிலுக்குக் கட்டைவிரல் வருகிறது. பெற்றவர்கள் அந்த குரூப்பில் இல்லை.

செயல்வழிக் கற்றல் காலத்தில் இவ்வளவு வசதி கிடையாது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுக்கப் பரவிய அந்த முறையில், வகுப்பறைக்குக் குறுக்கே கம்பி கட்டியிருப்பார்கள். கம்பிப் பந்தல் என்று பெயர். பிள்ளை வரைந்ததும் எழுதியதும் கோணல்மாணலாகவே அதில் தொங்கும். இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகர மழலையர் பள்ளிகளில் லோரிஸ் மலகுஸ்ஸி வளர்த்த வழக்கமும் இதற்குப் பங்காளிதான்: பிள்ளை வேலை செய்யும்போதே படமெடுத்து, அது பேசியதையும் எழுதி, பெற்றோர் பார்க்கச் சுவரில் ஒட்டுவார்கள். கம்பிக்கு ஒரே குறை, பார்க்க வேண்டுமென்றால் பள்ளிக்கு வர வேண்டும். நாற்று நடப் போகிறவள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டா வருவாள்? அந்தக் குறையைக் கைப்பேசி தீர்த்திருக்கலாம்.

மேலூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், ஒரு பையன் ‘ழ’ எழுதியதை மூன்று நாள் படமெடுத்தார். அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்தார். (பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-இல் சட்டமே வந்துவிட்டது. அட்டை பிடித்து நிற்கும் பிள்ளைகளுக்கு அது இன்னும் எட்டவில்லை போலும்.) முதல் நாள் சுழி திசைமாறிக் கிடந்தது. இரண்டாம் நாள் அழித்து அழித்துச் சிலேட்டே வெளுத்திருந்தது. மூன்றாம் நாள் எழுத்து நின்றது. மூன்றையும் அந்த அம்மாவுக்கு மட்டும் அனுப்பினார். அப்படங்களில் அட்டையும் இல்லை, பேனரும் இல்லை. மேலே அனுப்ப உதவாத படங்கள்.

அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே போன். அது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாவிடம் இருந்தது. அவர் பொங்கலுக்கு வந்தபோதுதான் அம்மா படங்களைப் பார்த்தார். மறுவாரம் பள்ளி வாசலில் டீச்சரை நிறுத்தினார்.

“எனக்கு எழுத்துத் தெரியாது டீச்சர். ஆனா மொதப் படத்துல உதட்டக் கடிச்சுக்கிட்டு இருக்கான். கடைசிப் படத்துல கடிக்கல. அதுக்குள்ள படிச்சிட்டானா?”

டீச்சர் போனைத் திறந்து மூன்று படங்களையும் மறுபடி பார்த்தார். எடுத்தவர் அவர்தான். உதட்டை அன்றுதான் கவனித்தார்.