நீர் கிடக்கும் இடமும் நுழைந்த இடமும்

படகின் அடியில் நீர் சேர்வது அதனளவில் குறை அன்று. அலை தெறிக்கும், மழை பெய்யும், வலையை இழுத்து ஏற்றும்போது கடலும் கொஞ்சம் கூடவே ஏறும். அந்த நீரெல்லாம் ஓரிடத்தில் சேரட்டும், பிறகு இறைத்துக்கொள்ளலாம் என்றுதான் மிதிபலகைகளுக்குக் கீழே, அடிமரமான ஏராவை ஒட்டிய தாழ்விடத்தைப் படகு கட்டுவோர் வெறுமையாக விடுகிறார்கள். ஆகவே அங்கே நீர் இருக்கிறதா என்பது ஆராய்ச்சிக்குரிய கேள்வி அன்று. வழக்கத்துக்கு மேல் சேர்கிறதா, சேர்ந்தால் எந்த வழியாக வருகிறது என்பதே கேள்வி. இதில் நெடுநாள் கடலோடியவர்களும் இடறுவதுண்டு. காரணம், எடுத்த எடுப்பில் ‘எங்கே’ என்று கேட்டுவிடுவது. எங்கே என்பது கடைசியில் கேட்க வேண்டியது. எவ்வளவு, எத்தகைய நீர், எப்போது ஆகிய மூன்றுக்கும் விடை கண்ட பிறகுதான் அதற்கு முறை வரும்.

சோழமண்டலக் கரையின் மரத்தாலான விசைப்படகை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எஞ்சின் உள்ளேயே அமர்ந்திருக்க, அதன் தண்டு பின்புற அடிப்பகுதி வழியாக வெளியே சென்று புரொப்பெல்லரைச் சுழற்றும் வகை அது. கண்ணாடியிழைப் படகானாலும் தேடும் முறை இதுவே. துளைகளின் இருப்பிடம் மட்டும் மாறும்.

‘எங்கே’ என்ற கேள்வி ஏன் ஏமாற்றுகிறது என்பதை முதலில் பார்ப்போம். படகின் விலாச் சட்டங்களான வங்குக்கால்கள் குறுக்கே வரிசையாக நிற்கின்றன. நீர் தடைபடாமல் ஓடுவதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். எஞ்சினின் பாரத்தால் படகு பின்புறம் சற்றுத் தாழ்ந்தே மிதக்கும். எனவே முன்புறமான அணியத்தில் நுழைந்த நீரும் துளை துளையாகக் கடந்து பின்னே வந்து, எஞ்சினுக்கு அடியில் தங்கும். ஓட்டு வீட்டில் சொட்டுகிற இடத்துக்கு நேர்மேலே ஓடு உடைந்திருப்பதில்லை அல்லவா? சட்டத்தின் வழியே ஓடிவந்த நீர் வேறோரிடத்தில் விழுகிறது. படகில் அந்த ஓட்டம் 30 அடிக்கும் நீளலாம். நீர் வந்து தேங்குமிடத்துக்குப் பக்கத்திலேயே தண்டு வெளியேறும் துளையும் இருப்பதால், பழி பெரும்பாலும் அதன் மேல்தான் விழுகிறது. இன்னொரு மயக்கமும் உண்டு. வங்குக்காலின் துளையை மரத்தூளோ வலைநூலோ அடைத்துக்கொண்டால் நீர் முன்னறையிலேயே நாட்கணக்கில் கிடக்கும். ஒரு பேரலையில் அடைப்பு விலகும்போது அத்தனையும் ஒன்றாகப் பாய்ந்து வரும். புதிதாக ஓட்டை விழுந்துவிட்டதென்று படகே பதறும். ஆகையால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் துப்புரவாக்குவதே தேடலின் முதல் வேலை.

அடுத்தது அளவு. கசிகிறது என்பார் ஒருவர், ஊறுகிறது என்பார் மற்றொருவர், ஒழுகுகிறது என்பார் மூன்றாமவர். மூவரும் பார்த்தது ஒரே படகாக இருக்கும். இங்கு எண்ணைத்தான் நம்ப வேண்டும். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் மணிக்கு 180 மில்லிலிட்டர், நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்குச் சற்று மேல். ஆளில்லாமல் ஒரு வாரம் கிடந்தால் 30 லிட்டர் சேர்ந்திருக்கும். பார்ப்பவர் மலைப்பார்; ஆனால் காரணம் ஒரு சொட்டுத்தான். மறுமுனையில், நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 லிட்டர் உள்ளே வரும். துளை வழியே பாயும் நீரின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644இல் வெளியிட்ட விதியிலிருந்து பெறும் கணக்கு இது. ஆழம் நான்கு மடங்கானால் வரத்து இரு மடங்காகிறது. துளையின் விட்டம் இரு மடங்கானாலோ வரத்து நான்கு மடங்காகிறது. ஆழத்தைக் காட்டிலும் துளையின் அளவே அஞ்சத்தக்கது.

இந்த இரு எண்களும் தேடலின் தன்மையையே பிரித்துவிடுகின்றன. நாளுக்குச் சில லிட்டர் என்றால் தேய்ந்த அடைப்பு, தளர்ந்த திருகு, வாய்விட்ட பலகை மூட்டு ஆகியவற்றை நினைக்கலாம். நிமிடத்துக்குப் பல லிட்டர் என்றால் ஒரு குழாய் கழன்றிருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒன்று உடைந்திருக்க வேண்டும். அப்போது ஆராய்ச்சிக்கு நேரமில்லை. கடல்நீர் எடுக்கும் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பதே செயல். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் படகு தாழ்கிறது. தாழத் தாழ, இதுவரை நீருக்கு மேலிருந்த துளைகளும் நீருக்குள் போகின்றன.

அளவை மறைப்பதில் தானியங்கிப் பம்புக்கு நிகரில்லை. மிதவை உயர்ந்ததும் ஓடி, தாழ்ந்ததும் நிற்கும் அந்தக் கருவி, வரத்து நாளுக்கு நாள் கூடுவதை எவரிடமும் சொல்வதில்லை. ஒரு நாள் பேட்டரி தீர்ந்து, கட்டிய இடத்திலேயே படகு அமிழ்ந்தால் ‘ஒரே இரவில் ஓட்டை’ என்கிறோம். ஓட்டைக்கு வயது பல மாதம் இருந்திருக்கும். பம்பின் மேல் அச்சிட்டிருக்கும் திறனையும் அப்படியே நம்புவதற்கில்லை. மணிக்கு 500 கேலன் என்பது நிமிடத்துக்கு 31 லிட்டர். அதுவும் நீரை மேலே தூக்கும் வேலையில்லாமல் அளந்தது. குழாய் உயர உயர, மின்னழுத்தம் குறையக் குறைய அந்த எண் சுருங்கும். மேலே சொன்ன துளையோடு அது போட்டியிட முடியாது. எனவே ஆள் உடனிருக்கும் வேளையில் பம்பை நிறுத்திவைத்து, மணிக்கு எவ்வளவு ஏறுகிறது என்று ஓர் அளவுகோலை நட்டுப் பார்ப்பது நல்லது.

இனி நீரின் இயல்பு. கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புடையது. அடியிலிருந்து எடுத்த ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு வெயிலில் உலர்த்தினால், வெண்படிவு தெரிகிறதா என்பதைக் கொண்டு கடல்நீரா நன்னீரா என்று சொல்லிவிடலாம். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு, அது வேண்டாம். டீசல் கலந்திருக்கலாம், எஞ்சின் குளிர்விப்பு நீரில் சேர்க்கும் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. சோதனைக்கு முன் அடிப்பள்ளத்தை நன்னீரால் கழுவி உலர்த்துவதும் இன்றியமையாதது. பழைய உப்பு மரத்தில் படிந்திருந்தால் மழைநீரும் கடல்நீராகவே தோன்றும். ஆற்று முகத்துவாரத்தில் கட்டிக்கிடக்கும் படகுக்கு இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அங்கே படகைச் சூழ்ந்திருப்பதே பாதி நன்னீர்.

நன்னீர் என்று தெரிந்தால் படகின் அடிப்புறத்தைச் சந்தேகிக்கும் தேவை போய்விடுகிறது. மீன் அறையில் ஐஸ் உருகித் தடுப்பின் இடுக்கில் இறங்கலாம். குடிநீர்த் தொட்டியின் மூட்டு விட்டிருக்கலாம். மேல்தளப் பலகைகளின் இடைவெளியில் மழை இறங்கலாம். நிறம் ஏறிய நீரானால் எஞ்சினின் குளிர்விப்புச் சுற்றைப் பார்க்க வேண்டும். ஐஸ் நீரைக் காட்டிக்கொடுக்க மூக்கே போதும்.

கடல்நீர்தான் என்று உறுதியானபின் ‘எப்போது’ என்னும் கேள்வி. என் மதிப்பீட்டில் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இதற்கே பயன் அதிகம். ஆனால் பொறுமை இல்லாததால் பலர் செய்வதில்லை. ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே இதன் விதி. முதலில் எஞ்சினை நிறுத்தி, படகைக் கட்டிவைத்து அளக்க வேண்டும். அப்போதே ஏறினால் மூட்டுகள், வால்வுகள், சுக்கான் தண்டின் அடைப்பு, அசையாமலிருக்கும் எஞ்சின் தண்டின் அடைப்பு ஆகியவை சந்தேகத்துக்குரியவை. ஏறவில்லையென்றால், கட்டிய நிலையிலேயே கியர் போடாமல் எஞ்சினை ஓட்ட வேண்டும். இப்போது புதிதாகச் சேர்ந்தது ஒன்றே ஒன்று, எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் கடல்நீர். ஏற்றம் தெரிந்தால் குற்றம் அந்தச் சுற்றில்தான். நீர்ப்பம்பின் கீழ்ப்புறம் ஒரு சிறு துளை இருப்பதைப் பார்க்கலாம். உள்ளிருக்கும் சீல் தேய்ந்தால் நீர் எண்ணெய்ப் பக்கம் போய்விடாமல் வெளியே சொட்டுவதற்காகவே அது வைக்கப்பட்டது. அந்தச் சொட்டு சுழலும் கப்பியின் மேல் விழுந்தால் எஞ்சின் அறை முழுவதும் தெறிக்கும். மூலம் பம்பு என்று எவருக்கும் தோன்றாது.

அதிலும் ஏறவில்லையா? கயிறுகளை இறுக்கிக் கட்டி, குறைந்த வேகத்தில் கியர் போட வேண்டும். இப்போது தண்டு சுழல்கிறது. ஏறினால் அதன் அடைப்பைப் பார்க்க வேண்டும். அப்போதும் நீர் ஏறவில்லையென்றால் கடலுக்குப் போக வேண்டியதுதான். ஓட்டத்தில் பின்புறம் மேலும் தாழும்; அலையில் பலகைகள் நெளியும்; நிற்கும்போது உலர்ந்திருந்த மூட்டுகள் நனையும். கடைசியாக, சுமையேற்றிய நிலையிலும் ஒருமுறை அளக்க வேண்டும். இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். டீசலும் ஐஸும் ஏற்றிய படகில் மட்டும் நீர் ஏறினால், பம்பு நீரை வெளியேற்றும் வாயைப் பாருங்கள். வெறும் படகில் நீர்மட்டத்துக்கு மேலிருந்த அந்த வாய், சுமையில் கீழே போயிருக்கும். இறைத்து முடித்துப் பம்பு நின்றதும், குழாயில் நிறைந்திருக்கும் நீரைப் பற்றிக்கொண்டு கடல் உள்ளே திரும்புகிறது. நீரை வெளியேற்ற வைத்த கருவியே அதை உள்ளே கொண்டுவருகிறது. குழாயை நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்தி வளைத்து, வளைவின் உச்சியில் காற்று புகும் வழி வைப்பதே மருந்து. ஒருவழி வால்வை மட்டும் நம்பக் கூடாது. ஒரு மீன்செதில் சிக்கினால் அது மூடாது.

இத்தனைக்கும் பிறகு ‘எங்கே’. அடிப்பள்ளத்தைத் துணியால் ஒற்றி முற்றிலும் உலர்த்தி, சந்தேகத்துக்குரிய பகுதியில் சாக்குத்தூளை மெல்லத் தூவ வேண்டும். நீர் வந்த தடம் தூளில் கோடாக விழும். அக்கோட்டை மேல்நோக்கிப் பின்தொடரலாம். வங்குக்கால்களின் துளைகளைத் தற்காலிகமாகக் களிமண்ணால் அடைத்து அறை அறையாகப் பிரித்தால், எந்த அறை முதலில் நனைகிறது என்பதும் தெரிந்துவிடும். நீர் நின்றபின்னும் தடயம் நிற்கும். இரும்பில் துருக்கோடு, செம்புக்கலவையில் பச்சைக் களிம்பு, குழாய் முனையில் உப்புப் பொருக்கு ஆகியவற்றைத் தேட வேண்டும். பித்தளைப் பொருத்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது கசியாவிட்டாலும் மாற்றத்தக்கது. கடல்நீரில் பித்தளையின் துத்தநாகம் கரைந்து, நொய்ந்த செம்பு மட்டும் எஞ்சியிருக்கிறது என்பதற்கு அந்நிறம் சான்று. ஒருநாள் கைபட்டதும் முறியும்.

தண்டின் அடைப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கிணற்று மோட்டாரில் சுற்றும் அதே கிளாண்டு கயிறுதான் இங்கும். தண்டைச் சுற்றி வளையம் வளையமாக வைத்து ஒரு மூடியால் நெருக்குகிறார்கள். தண்டு சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழுவது இதன் இலக்கணம். அந்த நீரே கயிற்றைக் குளிர்வித்து வழுக்கச் செய்கிறது. முழுவதும் நிறுத்திவிடுவோம் என்று நட்டுகளை மேன்மேலும் இறுக்குபவர் கயிற்றை எரிக்கிறார்; கயிறு தண்டில் பள்ளம் தேய்க்கிறது; பிறகு எவ்வளவு புதுக்கயிறு வைத்தாலும் அந்தப் பள்ளம் ஒழுகும். கியரில் ஓடியபின் அடைப்பின் உறையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் (சுழலும் தண்டை அன்று). வெதுவெதுப்பு ஏற்கத்தக்கது, கை வைக்க முடியாத சூடு அளவுக்கு மீறி இறுக்கியதைக் காட்டும். இறுக்குவதானால் இருபுற நட்டுகளையும் சமமாக, ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிவிட்டு, சில நிமிடம் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த திருப்பு.

மரப்படகுக்கே உரிய ஒரு நிலை எஞ்சியிருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அக்காலத்தில் கரையேற்றிய படகு கோடை வெயிலில் உலர்ந்து, பலகைகள் சுருங்கி, மூட்டுகள் வாய்விடுகின்றன. மீண்டும் இறக்கிய அன்று எல்லா மூட்டிலும் நீர் வரும். அதைக் கண்டு அஞ்சி, இறக்குவதற்கு முன்பே காய்ந்த மூட்டுகளில் கலப்பற்று நூலைக் கெட்டியாக அடித்துத் திணித்துவிட்டால், நீரில் ஊறிப் பலகை விரியும்போது இடம் போதாமல் ஆணிகளை நெம்பும். புது வழிகள் திறக்கும். நூலை அளவாகவே அடித்து, படகை இறக்கி, பம்போடு ஓர் ஆளைக் காவல் வைத்து, மணிக்கொருமுறை ஏற்றத்தைக் குறித்துவர வேண்டும். முதல் சில மணி நேரத்தில் எண் பெரிதாக இருக்கும். ஓரிரு நாளில் படிப்படியாகச் சிறுக்கும். சிறுத்து, ஓர் அளவில் வந்து நின்று, அதற்குமேல் குறையாமல் இருந்தால் அந்த மிச்சத்துக்குத்தான் சாக்குத்தூளை எடுக்க வேண்டும்.