தன்னைப் பேணல் தன்னலமா?

பிறர்க்காக வாழ்வதே வாழ்வு என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. அந்நெறியில் வளர்ந்த நமக்கு, நம் உடலுக்கும் உள்ளத்துக்கும் என்று சிறிது பொழுதை ஒதுக்கும்போதே ஒரு கூச்சம் தோன்றுகிறது. அலுவலக வேலை, பிள்ளைகளின் படிப்பு, ஊரிலிருக்கும் பெற்றோரின் தேவை, உறவினர் வீட்டுத் திருமணம் ஆகிய அனைத்துக்கும் நேரம் கண்டபின் எஞ்சுவது இருந்தால் அது நமக்கு என்று எண்ணுகிறோம். எஞ்சுவதோ ஒன்றுமில்லை. அவ்வாறாயின், தன்னைப் பேணிக்கொள்வது அறமா, அன்றித் தன்னலமா? இவ்வினாவை நாம் நேர்நின்று ஆராய்தல் வேண்டும்.

வள்ளுவர் வகுத்த பங்கு

இல்வாழ்க்கை என்னும் அதிகாரத்தில், 43-ஆம் குறள், இல்லறத்தான் பேணவேண்டியோரை எண்ணிச் சொல்கிறது. நீத்தார், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என்று அடுக்கிவந்த வள்ளுவர், ஐந்தாவதாகத் 'தான்' என்பதையும் சேர்க்கிறார். துறவு பேசுமிடத்தில் 'யான்', 'எனது' என்னும் செருக்கை அறுக்கச் சொன்ன அதே பெருந்தகைதான் இங்கே தன்னையும் பேணச் சொல்கிறார். இது முரண் அன்று. அறங்கள் அனைத்தையும் செய்வதற்குச் செய்பவன் ஒருவன் இருந்தாக வேண்டும். ஆதலின் அவன் தன்னைக் காத்துக்கொள்வதும் அறமாகிறது என்று பரிமேலழகர் விளக்குகிறார். வருவாயில் ஆறில் ஒரு கூறு அரசனுக்கு இறை. எஞ்சிய ஐந்தும் இவ்வைவர்க்கு உரியவை என்பதும் அவர் உரையால் விளங்குகிறது.

பொருளுக்குச் சொன்ன இக்கணக்கைப் பொழுதுக்கும் பொருத்திப் பார்க்கலாம். இன்று அரசனின் இடத்தில் அலுவலகம் அமர்ந்திருக்கிறது. அது ஆறில் ஒன்றோடு நிற்பதில்லை. பணியிடத்தில் 9 மணி நேரம். விராரிலிருந்தோ கல்யாணிலிருந்தோ மின்ரயிலில் வந்து செல்லும் மும்பைவாசிக்குப் பயணத்தில் மேலும் 3 மணி நேரம். ஆக, நாளின் ஆறு கூறுகளில் மூன்று இறையாகவே போய்விடுகின்றன. எஞ்சியவற்றில் முதலில் வெட்டுண்பது ஐந்தாம் கூறாகிய நம் பங்கே. ஏனெனில், கவனியாது விட்டால் விருந்தினரும் சுற்றத்தாரும் குறை கூறுவர். உடலோ நெடுநாள் வாய் திறவாது. அது வாய் திறக்கும் நாளில் நாம் மருத்துவமனையில் இருப்போம்.

பேணல் என்பது யாது?

பேணல் என்றதும் விலை கொடுத்து வாங்கும் பண்டங்களும் இன்பச் சுற்றுலாவும் பலர் நினைவுக்கு வருகின்றன. வள்ளுவர் காட்டும் வழி எளியது. மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி உணவைப் பற்றியதே. முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின், அளவறிந்து உண்பவனுக்கு மருந்தென ஒன்று வேண்டா என்பது அதன் சாரம். இவ்வறிவுரைக்குக் காசு வேண்டியதில்லை. தன் உடலைக் கவனிக்கும் பொழுதுதான் வேண்டும். நின்றுகொண்டே உண்டு, ஓடிக்கொண்டே விழுங்கி, கைப்பேசியைப் பார்த்தவாறே உறங்கச் செல்பவன் தன் பசியையும் அறியான், களைப்பையும் அறியான். ஆற அமர உண்பது, அரை மணி நேரம் நடப்பது, வேண்டிய அளவு உறங்குவது, ஒரு நல்ல நூலில் நான்கு பக்கம் படிப்பது ஆகிய இவையே ஐந்தாம் கூறு.

தனித்து உண்ணாமை

தமக்கென முயலாது பிறர்க்கென முயல்வோரால் இவ்வுலகம் நிலைபெறுகிறது என்று கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடவில்லையா என்று சிலர் வினவலாம். புறநானூற்றின் 182-ஆம் பாடல் அது. ஆயின் அப்பாடலை ஊன்றி நோக்குதல் வேண்டும். அமிழ்தமே கிடைத்தாலும் அச்சான்றோர் தனியே உண்ணமாட்டார் என்றுதான் புலவர் சொல்கிறார். உண்ணவே மாட்டார் என்று சொல்லவில்லை. பகிர்ந்து உண்பதே அவர் பண்பு. ஓய்வும் அத்தகைய அமிழ்தமே. அதைத் தனித்து உண்பதுதான் தன்னலம்.

இவ்வுண்மையை மும்பையின் வரலாறே நமக்குக் காட்டுகிறது. இந்நகரின் பஞ்சாலைத் தொழிலாளர் வார ஓய்வின்றி உழைத்த காலத்தில், 1884-இல் அவர்களுக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்துப் போராடினார் நாராயண் மேகாஜி லோகாண்டே. அதன் பயனாக 1890-இல் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. லோகாண்டே ஓய்வைத் தமக்கென்று கேட்கவில்லை, அனைவர்க்கும் கேட்டார்.

ஆயினும், ஞாயிறன்று ஆலையின் சக்கரம் நின்றது. வீட்டின் அடுப்பு நிற்கவில்லை. இன்றும் நிற்கவில்லை. அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, 2019-இல் ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். 2024-இல் பெண்களுக்கு 289 நிமிடங்கள், ஆண்களுக்கு 88. பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. அதை ஆண் ஏற்றுக்கொண்டதால் குறையவில்லை என்பதும் இவ்வெண்களால் புலனாகிறது. மாலை நேர மின்ரயிலின் மகளிர் பெட்டியில் இரவுச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டே வரும் பெண்களைக் காண்போர்க்கு இக்கணக்கு வியப்பளிக்காது.

நாம் விழா மேடைகளில் தாயின் தியாகத்தைப் போற்றுகிறோம். அப்புகழ்ச்சி உண்மையானதே. ஆயினும், ஒருவர் விரும்பித் தருவது ஈகை. கேளாமல் நாம் எடுத்துக்கொள்வது ஈகையாகாது. தியாகம் என்று சொல்லி மாலை சூட்டிவிட்டால் பங்கு தரவேண்டிய கடன் தீர்ந்துவிடாது. வள்ளுவர் சொன்ன 'தான்' என்பது குடும்பத்தலைவனை மட்டும் குறிப்பதாக நாம் கொண்டால், அந்த இல்லத்தில் ஒருவருக்கு அறமாவது மற்றொருவருக்குச் சுமையாகிவிடும்.

ஆகவே, தன்னைப் பேணல் தன்னலம் அன்று, அது கடமை. அக்கடமை நமக்கு இருப்பது போலவே நம் இல்லத்தில் உள்ள ஒவ்வொருவர்க்கும் உண்டு. காலையில் நடைப்பயிற்சிக்குச் செல்லுமுன், அந்நேரத்தில் அடுப்படியில் நிற்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். ஒரு நாள் அவர் நடக்கட்டும். நாம் அடுப்படியில் நிற்போம். இவ்வாறு பொழுதைப் பகிர்ந்து உண்ணும் இல்லங்களில், பிறர்க்கென முயலும் வலிமையும் தானே பெருகும். அத்தகைய இல்லறத்தை நாமும் மேற்கொள்வோமாக.